லெக்கின்ஸை விடுவதா, வைத்துக்கொள்வதா: இழுபடும் துணிகளையும் மாற்றுகளையும் எடைபோட்ட கணக்கு

சென்ற கோடையில் என் மகளின் இடுப்பைச் சுற்றி, லெக்கின்ஸின் எலாஸ்டிக் பட்டை பதிகிற அதே கோட்டில், வட்டம் வட்டமாகப் படர்தாமரை வந்தது. காலை எட்டு மணிக்குக் கல்லூரிப் பேருந்தில் ஏறுபவள் மாலை ஆறரைக்கு வீடு திரும்பும்வரை அந்தத் துணி உடம்பைவிட்டு அகல்வதில்லை; வந்த பின்னும் அதோடுதான் படிப்பாள், சில நாள் அப்படியே உறங்கியும் விடுவாள். தோல் மருத்துவர் பூஞ்சைக்கு மருந்து எழுதிக் கொடுத்து, இறுக்கமான சிந்தெட்டிக் துணியை நிறுத்திவிட்டுத் தளர்வான பருத்தி போடச் சொல்லி ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரியை வீட்டில் நடைமுறைக்குக் கொண்டுவரப் போனபோது கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. அவளுடைய லெக்கின்ஸில் 95 சதவீதம் பருத்தி என்று சீட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. அப்படியானால் அது பருத்தியா, சிந்தெட்டிக்கா? உடற்பயிற்சிக்கு எதைப் போடுவது? 'மூங்கில் துணி' என்று விற்கிறார்களே, அது இயற்கைத் துணியில் சேருமா? இருக்கிற பத்துப் பதினைந்து உருப்படிகளையும் தூக்கி எறிய வேண்டுமா? திருப்பூருக்கு அருகில் வசிப்பதால், துணியோடு வேலை செய்கிறவர்களையே கேட்டு விளங்கிக்கொள்ளும் வசதி எனக்கு இருந்தது.

முதலில் அந்த இழுபடும் இழை எது என்று பார்த்துவிடலாம். ஸ்பான்டெக்ஸ், எலாஸ்டேன், லைக்ரா என்று மூன்று பெயரில் வழங்குவதெல்லாம் ஒன்றே. லைக்ரா என்பது அதன் வணிகப் பெயர். 1958இல் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் அதை உருவாக்கினார். அடிப்படையில் அது பாலியூரித்தேன். தன் நீளத்தைப்போல ஐந்து மடங்குக்கு மேல் நீண்டு, விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பும். அதை மட்டும் வைத்து யாரும் துணி நெய்வதில்லை. ஏதோ ஒரு முதன்மை இழையோடு சிறிதளவு சேர்த்துப் பின்னுகிறார்கள், அந்த முதன்மை இழை எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. திருப்பூரின் ஆடைச் சந்தையான காதர்பேட்டையின் ஒரு கடையில் ஒரே கறுப்பு நிறத்தில், ஒரே மாதிரி மடித்து, ஒரே மேசைமேல் இரண்டு லெக்கின்ஸ் அடுக்குகள் இருந்தன. ஒன்றின் சீட்டில் 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் எலாஸ்டேன்; மற்றதில் 92 சதவீதம் பாலியஸ்டர், 8 சதவீதம் ஸ்பான்டெக்ஸ். கடைக்காரர் இரண்டையும் 'லைக்ரா லெக்கின்ஸ்' என்றே சொன்னார். தோலுக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல.

ஈரத்தை வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கி வைத்துக்கொள்ளும். லினனும், மரக்கூழிலிருந்து எடுக்கும் விஸ்கோஸும் ஏறக்குறைய 12 சதவீதம். கம்பளி 16 சதவீதம். நைலான் 4 சதவீதம். பாலியஸ்டர் வெறும் 0.4 சதவீதம். பாலியஸ்டருக்குள் வியர்வை நுழைவதில்லை, இழைகளுக்கு இடையிலும் தோலின் மேலும் அது தங்கிவிடுகிறது. விளையாட்டு உடைகளில் இந்தக் குணத்தையே ஒரு வசதியாக மாற்றியிருக்கிறார்கள்: ஈரம் இழைகளுக்கிடையே பரவி வெளிப்புறம் வந்து விரைவில் உலர்ந்துவிடுகிறது. ஆனால் உலர்வதற்குக் காற்று காய்ந்ததாக இருக்க வேண்டும். குளிரூட்டிய உடற்பயிற்சிக் கூடத்தில் அது நடக்கும். மே மாதத்துச் சென்னையில், காற்றே ஈரத்துணிபோல் இருக்கும்போது, எந்த விளம்பர வாசகம் எழுதியிருந்தாலும் வியர்வை போக்கிடமின்றி நிற்கும்.

உடல்நலக் கவலைகள் எல்லாம் ஒரே எடை உடையவை அல்ல. கைபேசியில் வந்து சேரும் செய்திகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்துவிடுகின்றன. படர்தாமரையும் புற்றுநோயும் மலட்டுத்தன்மையும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. அன்றாடம் கண்ணுக்குத் தெரிவது எது, ஆய்வில் மட்டும் தென்படுவது எது, வெறும் வதந்தி எது என்று பிரித்துக்கொண்டால் முடிவெடுப்பது எளிதாகிறது.

அன்றாடம் தெரிகிறவற்றில் முதலிடம் பூஞ்சைக்கே. வெப்பம், ஈரம், உராய்வு ஆகிய மூன்றும் சேருமிடத்தில் படர்தாமரைப் பூஞ்சை வளரும். தொடைச் சந்து, இடுப்புப் பட்டை, மார்புக்கச்சின் கீழ்ப்பகுதி ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவில் இந்தத் தொற்று முன்பைவிட மிகுதியாகவும் பிடிவாதமாகவும் பரவியிருக்கிறது. டெர்பினாபின் என்ற வழக்கமான மருந்துக்கே பல நேரங்களில் அடங்காத ஒரு வகைப் பூஞ்சைக்கு 2020இல் 'டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே' என்று இந்தியாவின் பெயரைச் சேர்த்தே பெயரிட்டார்கள். இதற்கு லெக்கின்ஸை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தடவும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளுக்கு இதில் பெரிய பங்குண்டு. முதல் இரண்டு நாள் அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை உள்ளே பரவ விடுபவை அவை. ஆயினும், வியர்வையில் ஊறிய துணி பத்து மணி நேரம் தோலை ஒட்டிக்கொண்டிருப்பது அந்தத் தொற்றுக்கு வீடு கட்டிக் கொடுப்பது போலத்தான்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு வேறுபாடு உண்டு. படர்தாமரையின் வித்துகள் துணியிலும் தங்கும். அவற்றை ஒழிக்க ஏறக்குறைய 60 டிகிரிச் சூட்டில் துவைக்க வேண்டும். கலப்பில்லாத பருத்திக்கு அது ஒரு பொருட்டே அல்ல. நம் ஊரில் வண்ணார் வெள்ளாவி வைத்து அவித்தெடுத்தது அந்தத் துணியைத்தானே. எலாஸ்டேன் கலந்த துணியோ சூடு தாங்காது; சீட்டில் 30 அல்லது 40 டிகிரிக்கு மேல் கூடாது என்று போட்டிருப்பார்கள், மீறினால் இழுவை செத்துத் தொளதொளத்துப் போகும். ஆகவே தொற்று வந்த வீட்டில், மருந்து தடவிக்கொண்டே பழைய லெக்கின்ஸைத் திரும்பத் திரும்பப் போடுகிறவர்களுக்கு அது மீண்டும் மீண்டும் வருவதில் வியப்பில்லை. என் மகளின் விஷயத்தில் நான் எடுத்த முதல் முடிவுக்குக் காரணமும் இதுவே: சொல்லப்போனால் துணி கலப்பில்லாததா என்பதைவிட, அதைக் கொதிநீரில் போட முடியுமா என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

வாடையைப் பற்றியும் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. 2014இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தினர் 26 பேரை ஒரு மணி நேரம் மிதிவண்டிப் பயிற்சி செய்யவைத்து, அவர்களுடைய சட்டைகளை மூடிவைத்து மறுநாள் முகர்ந்து மதிப்பிட்டார்கள். பாலியஸ்டர் சட்டைகளில் வாடை கூடுதல். வாடை உண்டாக்கும் மைக்ரோகாக்கஸ் நுண்ணுயிர்கள் பாலியஸ்டரில் நன்றாகப் பெருகின, பருத்தியில் அப்படிப் பெருகவில்லை. துவைத்த பனியன் வியர்வை பட்டவுடனே பழைய வாடையை வீசுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

அடுத்தது இறுக்கம். தொடையின் வெளிப்புறத்துக்குப் போகும் ஒரு தோல் நரம்பு இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டி இறங்குகிறது. இறுகிய பட்டை அதை நாள்தோறும் அழுத்தினால் தொடையில் எரிச்சலும் மதமதப்பும் வரும். மருத்துவர்கள் இதற்கு மெரால்ஜியா பரஸ்தெட்டிக்கா என்று பெயர் சொல்வார்கள். வயிற்றை உள்ளடக்கிக் காட்டும் இறுக்க உள்ளாடைகள் எதுக்களிப்பை அதிகமாக்குவதும் உண்டு. ஆனால் இந்த இடத்தில் இயற்கைத் துணிக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள வேண்டியதில்லை. புடவைக்குள் கட்டும் பருத்திப் பாவாடையின் நாடா ஒரே இடத்தில் பல்லாண்டுகள் இறுகி உராய்ந்து, கறுத்து, புண்ணாகி, அரிதாகத் தோல் புற்றாகவே மாறிய நோயாளிகளைப் பற்றி இந்திய மருத்துவர்கள் நெடுங்காலமாக எழுதி வருகிறார்கள். 2024இல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழிலும் அப்படி இரு பெண்களின் நிலை வெளியானது. இறுக்கிக் கட்டிய வேட்டியால் வந்தவையும் பதிவாகியுள்ளன. நாடாவும் பருத்தி, பாவாடையும் பருத்தி, கெடுத்தது இறுக்கம். அகலமான பட்டை, நாடாவை அவ்வப்போது இடம் மாற்றிக் கட்டுவது, வீட்டில் இருக்கும்போது தளர்த்திக்கொள்வது ஆகியவை அங்கே சொல்லப்படும் தீர்வுகள்.

மூன்றாவது சாயம். பருத்திக்கு இடும் ரியாக்டிவ் சாயம் இழையோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடுகிறது. நன்றாக அலசிய துணியிலிருந்து அது பெயர்வது கடினம். பாலியஸ்டருக்கு இடும் டிஸ்பர்ஸ் சாயம் அப்படிப் பிணைவதில்லை. இழைக்குள் கரைந்து நிற்கிறது. வியர்வையும் உராய்வும் சேர்ந்தால் கொஞ்சம் வெளியே வரும். டிஸ்பர்ஸ் புளூ 106, டிஸ்பர்ஸ் புளூ 124 ஆகிய இரண்டும் துணி ஒவ்வாமைக்குப் பேர்போனவை. கருநீலம், கறுப்பு போன்ற அடர் நிறங்களில் இவை கலந்திருக்கும். அக்குளின் விளிம்பு, தொடையின் உட்புறம், முழங்காலின் பின்புறம் என்று துணி தேயும் இடங்களில் மட்டும் தடிப்பு வந்தால் பூஞ்சையை மட்டுமன்றி இதையும் சந்தேகிக்க வேண்டும். சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனை செய்தால் தெரிந்துவிடும். புற்றுநோய்க்கு இட்டுச்செல்லும் அமீன்களை வெளியிடக்கூடியவை உட்பட 112 சாயங்களை 1990களில் இந்தியா தடை செய்துவிட்டது. ஒவ்வாமை அந்தத் தடைக்குள் அடங்காத தனிச் சங்கதி.

இனி, கண்ணுக்குத் தெரியாத கவலைகள். கலிபோர்னியாவில் இயங்கும் சுற்றுச்சூழல் நல மையம் என்ற அமைப்பு 2021இல் காலுறைகளையும் 2022இல் விளையாட்டு மார்புக்கச்சு, சட்டை முதலியவற்றையும் சோதித்து, பாலியஸ்டரும் ஸ்பான்டெக்ஸும் கலந்த பல உருப்படிகளில் பிஸ்பீனால் ஏ இருப்பதாகவும், அம்மாநிலச் சட்ட வரம்பைப்போல 22 மடங்கு வரை தோலில் படக்கூடும் என்றும் அறிவித்தது. ஹார்மோன்களைப் போல நடிக்கக்கூடிய பொருள் அது. 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதன் அன்றாட அனுமதி அளவை 20,000 மடங்கு குறைத்தது. பாலியஸ்டர் தயாரிப்பில் வினையூக்கியாகப் பயன்படும் ஆன்டிமனியின் மிச்சமும் இழையில் இருக்கும். அதன் மூவிணைதிறன் வடிவத்தை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் 'புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை' என்ற வகையில் சேர்த்தது. கறைபடாத, நீர் ஒட்டாத பூச்சுள்ள உடைகளில் பிஎஃப்ஏஎஸ் எனப்படும் அழியா வேதிப்பொருள்கள் இருக்கலாம். 2024இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தினர், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதத் தோலில் நுண்பிளாஸ்டிக்கை வைத்துச் சோதித்து, அதிலிருந்த தீத்தடுப்பு வேதிப்பொருளில் 8 சதவீதம் வரை தோல் உறிஞ்சக்கூடும் என்றும், வியர்த்த தோல் கூடுதலாக உறிஞ்சும் என்றும் கண்டார்கள்.

இவற்றைப் படித்து அஞ்சி அலமாரியைக் காலி செய்யும் முன் ஒன்றை நினைவில் கொள்ளலாம். துணியில் ஒரு பொருள் இருப்பது வேறு, அது தோல் வழியே போவது வேறு, போனது நோயாவது வேறு. மேற்சொன்ன ஆய்வுகள் முதற்படியையும், இரண்டாவதின் ஒரு பகுதியையும் காட்டுகின்றன. லெக்கின்ஸ் அணிந்ததால் புற்றுநோய் வந்தது என்று காட்டுவது எதுவும் அவற்றில் இல்லை. ஆனாலும், மாற்று எளிதாகக் கிடைக்கும் இடத்தில் வியர்வையில் நனையும் பாலியஸ்டரைத் தோலோடு பத்து மணி நேரம் வைத்திருக்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்க இவ்வளவு தகவல் போதும். என் கணிப்பில் இது இரண்டாம் நிலைக் காரணம், முதற்காரணம் பூஞ்சையே.

ஆண்களைப் பற்றிய செய்தி தனியாகச் சுற்றுகிறது. 2018இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 656 ஆண்களிடம் நடத்திய ஆய்வில், தளர்ந்த உள்ளாடை அணிந்தவர்களுக்கு விந்தணுச் செறிவு 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. அவர்கள் கேட்டது உள்ளாடையின் வடிவத்தை. துணி எதுவென்று கணக்கிடவில்லை. பாலியஸ்டருக்கு எதிராக எடுத்துக்காட்டப்படுவது கெய்ரோவில் அகமது ஷஃபிக் 1992இல் வெளியிட்ட ஆய்வு: 14 ஆண்கள் விதைப்பையில் பாலியஸ்டர் பை ஒன்றை இரவுபகலாக அணிந்திருந்ததில், சில மாதங்களில் விந்தணு முற்றிலும் இல்லாமற்போய், கழற்றிய பின் திரும்பியது. 14 பேரை வைத்துக்கொண்டு உலகத்து ஜட்டிகளுக்கெல்லாம் தீர்ப்பெழுத முடியாது. பை உடம்போடு ஒட்டி வைத்த சூடே அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். (எலிகளுக்குப் பாலியஸ்டர் காற்சட்டை தைத்துப் போட்டுப் பார்த்தவரும் இவரே, அதற்காக 2016இல் இவருக்கு இக்நோபல் என்ற நகைச்சுவைப் பரிசு கொடுத்தார்கள்.) குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆண்கள் தளர்ந்த பருத்தி அணிவதால் இழப்பு ஒன்றுமில்லை என்ற அளவோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

லினனுக்கு 5000 'அதிர்வெண்' உண்டு, பாலியஸ்டருக்கு வெறும் 15, ஆகவே லினன் உடுத்தினால் நோய் தீரும் என்று ஒரு செய்தி குடும்பக் குழுக்களில் ஓயாமல் வலம் வருகிறது. துணிக்கு அப்படி ஓர் அளவே கிடையாது. நல்ல துணிக்குப் பொய்ச் சாட்சி எதற்கு?

அடுப்படியைப் பற்றி யாரும் சொல்வதில்லை, எனக்கோ அது முக்கியமாகப் படுகிறது. தீப்பட்டால் பருத்தி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டரும் நைலானும் உருகித் தோலில் ஒட்டிக்கொண்டு தொடர்ந்து சுடும், பிரித்தெடுக்கப் போனால் தோலோடு வரும். நைலான் நைட்டியோடு எரிவாயு அடுப்பின்முன் நிற்பவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பருத்தியும் விரைந்து பற்றும் என்பதால், தொங்கும் துப்பட்டாவும் அகன்ற கையும் எந்தத் துணியானாலும் அடுப்பருகே ஆபத்து.

இவ்வளவையும் வைத்து மாற்றுகளுக்கு வருவோம். முதல் மாற்று, எலாஸ்டேன் கலக்காத பருத்திப் பின்னல். அதாவது பனியன் துணி. நெய்த துணியைப்போல் இல்லாமல், கண்ணிகளாகக் கோத்துப் பின்னுவதால் பின்னல் துணி இயல்பாகவே இழுபடும். ரிப் பின்னல் இன்னும் நன்றாக இழுபட்டுத் திரும்பும். லைக்ரா வருவதற்கு முன் எல்லா பனியன்களும் அப்படித்தான் இருந்தன. குறை என்னவென்றால், நாள் முழுதும் மடக்கி உட்கார்ந்தால் முழங்காலில் தொள விழும், கெண்டைக்காலை லெக்கின்ஸ்போலப் பிடிக்காது. வீட்டில் போடவும் உறங்கவும் இதற்கு மேல் ஒன்று தேவையில்லை.

இரண்டாவது, எல்லோரும் மறந்துபோன ஒன்று. எங்கள் தெருவின் வயதான தையல்காரரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "கிராஸுல வெட்டுனா துணியே இழுத்துக் கொடுக்குங்கம்மா, லைக்ரா எதுக்குங்க?" என்றார். மேசைமேல் கிடந்த பாப்ளின் துண்டை எடுத்து நேராக இழுத்துக் காட்டினார், அசையவில்லை. அதே துண்டை மூலைக்கு மூலை பிடித்து இழுத்தார்; இரண்டு விரற்கடை நீண்டு, விட்டதும் சுருங்கியது. சுடிதார் கால்சட்டையின் சூட்சுமமே இதுதான். துணியை மூலைவாக்கில் திருப்பி வெட்டி, காலைவிட நீளமாகத் தைத்து, மிகுந்த நீளத்தைக் கணுக்காலில் வளையல்களைப்போல மடிப்புகளாக விழ விடுவார்கள். 'சூடி' என்றால் இந்தியில் வளையல். ஒரு சொட்டு ரப்பரும் இல்லாமல் காலைப் பிடித்துக்கொள்ளும் உடை நம்மிடம் இருந்தது, அதன் இடத்தில்தான் லெக்கின்ஸ் வந்து உட்கார்ந்தது. குறுக்கே வெட்டுவதால் துணி கூடுதலாகச் செலவாகும், தையற்கூலியும் உண்டு; மகளுக்கு மல்மல் என்ற மெல்லிய பருத்தியில் ஒன்றும் பாப்ளினில் ஒன்றும் தைத்ததில் மல்மல் தொடையில் சீக்கிரம் நைந்தது, பாப்ளின் நின்றது. கல்லூரிக்கு அவள் இப்போது விரும்பிப் போடுவது பாப்ளின்.

மூன்றாவது, 95க்கு 5 பருத்தி லைக்ரா. மருத்துவர் சொன்ன 'சிந்தெட்டிக்'கில் இதைச் சேர்ப்பதா என்பது என் முதற்கேள்வி. ஈரத்தை வாங்குவதில் இது பருத்தியின் பக்கம். இறுக்கத்திலும் சூடு தாங்காமையிலும் ஸ்பான்டெக்ஸின் பக்கம். எலாஸ்டேன் இழை முழுதாகப் பாலிமராகிவிட்ட பின் தோலுக்கு ஒவ்வாமை தருவது அரிது. எனவே தொற்று இல்லாத நாள்களில், ஓர் அளவு பெரியதாக வாங்கி, நாலைந்து மணி நேரத்துக்கு அணிவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பாலியஸ்டர் லெக்கின்ஸ் அன்றாட உடையாக எங்கள் வீட்டில் இனி இல்லை.

'மூங்கில் துணி' விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூங்கில் கூழை வேதிப்பொருளில் கரைத்து நூலாக இழுத்த விஸ்கோஸ் அது. மென்மையானது, ஈரத்தை நன்கு வாங்கும், ஆனால் நனைந்தால் வலுவிழக்கும். மூங்கிலின் 'கிருமி எதிர்ப்பு' கரைசலோடு போய்விடுகிறது. அமெரிக்காவில் விஸ்கோஸை மூங்கில் துணி என்று விற்றதற்காக 2022இல் இரண்டு பெரிய கடைத்தொடர்கள் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்டின. விஸ்கோஸ் தயாரிப்பில் பயன்படும் கார்பன் டைசல்பைடு உடுத்துபவரைவிட அந்த ஆலைத் தொழிலாளரின் நரம்புகளைத் தாக்கும் பொருள். ஒப்பிட்டால், அதேபோல் மரக்கூழிலிருந்து எடுக்கும் லையோசெல் மேல். அதன் கரைப்பானை ஏறக்குறைய முழுதாக மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அதே குடும்பத்து மோடல் உள்ளாடைக்கு இதமானது. ஆனால் சந்தையில் பெரும்பாலும் எலாஸ்டேன் சேர்த்தே வருகிறது, சீட்டைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

லினன் நம் வெயிலுக்குப் பொருத்தமானது. கசங்கும், விலை கூடுதல், இழுபடவே இழுபடாது. மெல்லிய மெரினோ கம்பளி உடற்பயிற்சிக்கு மிகச் சிறந்தது என்பார்கள், வாடை பிடிக்காது என்பதும் உண்மை. சித்திரை வெயிலில் கம்பளியை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

எலாஸ்டிக் பட்டைக்கு 'இயற்கை ரப்பர்' மாற்று என்று வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் துரிதப் பொருள்கள் பலருக்கு ஒவ்வாமை தருபவை. ரப்பர் பால் புரதமே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. எலாஸ்டிக் உள்ளாடையை பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தால் ரப்பரிலுள்ள வேதிப்பொருள் மாறிப் புதிதாகத் தடிப்பை உண்டாக்கியதும் மருத்துவ ஏடுகளில் உள்ளது. பட்டையைத் துணிக்குள் மூடித் தைத்து, அது தோலில் நேரடியாகப் படாமல் பார்த்துக்கொள்வதும், முடிந்த இடத்தில் அகல நாடாவும் மேலானவை.

பருத்தியும் மாசற்றதல்ல என்பதைத் திருப்பூருக்கு அருகில் வாழ்கிறவள் மறைக்க முடியாது. சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதும், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், அதன் பின்னரே கழிவுநீரைத் துளிகூட வெளியேற்றாத முறை இறுக்கமாக நடைமுறைக்கு வந்ததும் இங்கே எல்லோரும் அறிந்தவை. சுருக்கம் விழாத பருத்திச் சட்டைகளுக்கு ஃபார்மால்டிஹைடு கலந்த பிசின் பூச்சும் உண்டு; மென்தோல் உடையவர்கள் 'இஸ்திரி தேவையில்லை' என்ற வாசகத்தைக் கண்டால் தவிர்ப்பது நல்லது. கைக்குழந்தைகளுக்கு வாங்கும்போது, துணியில் தீங்கான வேதிப்பொருள்களைச் சோதித்துத் தரும் ஓகோ-டெக்ஸ் 100 சான்றில் முதல் வகுப்பா என்று பார்க்கலாம். கரிமப் பருத்தி என்று முழுப்பெயரில் ஜிஓடிஎஸ் சான்று பெற 95 சதவீதம் கரிம இழை இருக்க வேண்டும். எதை வாங்கினாலும் உடுத்துமுன் ஒருமுறை துவைப்பது செலவில்லாத பாதுகாப்பு.

உடற்பயிற்சிக்கு மட்டும் நான் மறுபக்கம் நிற்கிறேன். ஓடும்போது நனைந்து கனத்த பருத்தி தொடையை உரசிப் புண்ணாக்கும். அங்கே பாலியஸ்டரோ நைலானோ கலந்த இழுவைத் துணி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. முடித்த அரை மணிக்குள் கழற்றி, குளித்து, உலர்ந்ததை உடுத்தினால் போதும். அதே உடையோடு கடைக்குப் போய், காபி குடித்து, மதியம் வரை இருப்பதே கெடுதல். நரம்பு முடிச்சு (வெரிகோஸ் வெயின்), நிணநீர் வீக்கம், தீக்காயத் தழும்பு ஆகியவற்றுக்கு மருத்துவர் தந்த அழுத்த உறைகளை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் கழற்றிவிடக் கூடாது. இறுக்கமே அங்கே மருந்து. சர்க்கரை நோயாளிகளின் காலுறை அதற்கு நேர்மாறு: பட்டை தடம் பதிக்காததாக, பருத்தி மிகுந்ததாக இருக்க வேண்டும்.

ஆக, மாற்றத் தொடங்குபவர்கள் எதை முதலில் மாற்றுவது என்று கேட்டால், எது தோலுக்கு மிக அருகில் மிக நீண்ட நேரம் இருக்கிறதோ அதை என்பேன். உள்ளாடை முதலில், அதுவும் பாலியஸ்டர் சரிகையில் தைத்தவை. பெண்கள் உள்ளாடையில் குறைந்தது கவட்டுத் துண்டாவது பருத்தியாக இருப்பது நல்லது. அடுத்து, உறங்கும் உடை. எட்டு மணி நேரமாவது இடுப்பில் எந்தத் தடமும் இல்லாமல் இருக்கட்டும். பிறகு கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் அணிபவை. விசேஷத்துக்கு மூன்று மணி நேரம் போடும் பளபளப்புத் துணியைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை.

சீட்டை நம்ப முடியாதபோது சோதிக்க இரண்டு வழிகளைக் காதர்பேட்டையில் கற்றேன். துணியின் வெட்டிய ஓரத்தை நன்றாக இழுத்துவிட்டால், எலாஸ்டேன் கலந்திருந்தால் மெல்லிய வெள்ளை இழைகள் ரப்பர் மயிர்போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினால், பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு பொசுங்கி, விரலால் தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கடுகுபோல் கறுத்த உருண்டையாகக் கெட்டிப்படும். கலப்புத் துணியென்றால் சாம்பலுக்குள் அந்தக் கடுகு தட்டுப்படும். வீட்டுக்கு வந்து, மகளின் அலமாரியிலிருந்து சீட்டுக் கிழிந்துபோன ஒன்பது லெக்கின்ஸ்களிலிருந்தும் நூலை உருவிக் கொல்லைப்புறத்தில் கொளுத்திப் பார்த்தோம். ஐந்தில் சாம்பல், நான்கில் கடுகு. அந்த நான்கில் ஒன்றை அவள் பயிற்சிக்கு வைத்துக்கொண்டாள், இரண்டு இப்போது வண்டி துடைக்கின்றன, ஒன்றைத் தர மறுத்துவிட்டாள்.